ஜிம்னோகாலிசியம்: பாலைவனச் செடி என்ற நினைப்பில் வரும் தவறுகள்

நர்சரிகளில் முக்கோணப் பச்சைத் தண்டின் உச்சியில் சிவப்பாகவோ மஞ்சளாகவோ ஓர் உருண்டை உட்கார்ந்திருக்குமே, அதை வாங்காத கள்ளிப் பிரியர் குறைவு. பலருக்கு ஜிம்னோகாலிசியம் என்னும் பேரினம் அறிமுகமாவது அந்த உருண்டையால்தான். தவறுகளும் அங்கிருந்தே தொடங்குகின்றன.

அது தனி இனம் அன்று. 1941இல் ஜப்பானில் வதனாபே என்பவர், மிஹானோவிச்சி என்ற இனத்தின் நாற்றுகளிடையே பச்சையமே இல்லாத சிவப்பு நாற்றுகளைக் கண்டார். பச்சையம் இல்லாத செடியால் தனக்கு உணவு தயாரிக்க முடியாது. ஆகவே அதை வேறொரு கள்ளியின்மேல் ஒட்டுக்கட்டி வளர்த்தார்கள். கீழே இருக்கும் முக்கோணத் தண்டு டிராகன் பழக் கொடியின் இனம். அழகாக இருக்கிறதே என்று உருண்டையை மட்டும் வெட்டி மண்ணில் நட்டால் சில வாரங்களில் சுருங்கிவிடும். அடித்தண்டு அழுகத் தொடங்கினால், உருண்டையை வெட்டியெடுத்து, இரு வெட்டுப்பரப்புகளின் நடுவிலும் தெரியும் சிறு வளையங்கள் ஒன்றையொன்று தொடும்படி புதிய தண்டில் பொருத்தி, ரப்பர் வளையம் போட்டு இறுக்க வேண்டும். வளையங்கள் தொடாமல் போனால் ஒட்டு பிடிக்காது.

ஆனால் இந்தப் பேரினத்தின் உண்மையான அழகு, சொந்த வேரில் நிற்கும் பச்சைச் செடிகளில் இருக்கிறது. ஏறத்தாழ 50 இனங்கள். அர்ஜென்டினா, உருகுவே, பராகுவே, பொலிவியா, தென் பிரேசில் ஆகியவை இவற்றின் தாயகம். பெரும்பாலானவை தரையோடு தரையாகத் தட்டையாகவே வளர்பவை. ஒவ்வொரு முள்கொத்துக்கும் கீழே மோவாய் போல ஒரு புடைப்பு இருக்கும். மொட்டைக் கையில் தொட்டுப் பாருங்கள். முடியும் இல்லை, முள்ளும் இல்லை. மீன் செதில் போல வழவழப்பான அடுக்குகள் மட்டுமே. பேரினத்தின் பெயருக்குக் கிரேக்கத்தில் இதுதான் பொருள்: வெற்றுப் புல்லி.

பெருந்தவறு, வெயில். கள்ளி என்றாலே பாலைவனம் என்று நமக்குப் பதிந்துபோயிருக்கிறது. இவற்றில் பல, புல்லுக்கு நடுவிலும் புதருக்கு அடியிலும் பாறை இடுக்கிலும் வாழ்பவை. ஒரு கத்திரி வெயிலில் பால்டியானம் என்ற இனத்தைச் சேர்ந்த என் செடியை மொட்டைமாடியில் மறைப்பில்லாமல் வைத்தேன். மூன்றாம் நாள் ஒரு பக்கம் வெளிறியது. பிறகு பழுப்பேறிக் காய்ந்த தோலாகிவிட்டது. அந்தத் தழும்பு இன்றும் அப்படியே இருக்கிறது. காலை வெயில் இரண்டு மூன்று மணி நேரம், பிறகு நிழல்வலை. இது போதும்.

அடுத்தது தண்ணீர். வாரத்துக்கு ஒரு கரண்டி ஊற்றினால் போதும் என்பார்கள். அது மேல்மண்ணை நனைக்குமே தவிர வேர் நுனிக்குப் போகாது. இவற்றின் தாயகமான அர்ஜென்டினாவின் கொர்டோபா மலைகளில் மழை பெய்வது கோடையில், குளிர்காலம் வறண்டது. வெப்பமும் நீரும் சேர்ந்து வரும்போது வளரும் செடி இது. தொட்டியின் அடித்துளை வழியே வழியும்வரை மாலையில் ஊற்றுங்கள். மண் முழுக்கக் காய்ந்த பிறகே அடுத்த முறை. நம் ஐப்பசி, கார்த்திகை அடைமழை மட்டும் ஆகாது, கூரைக்கடியில் நகர்த்திவிடுங்கள்.

நர்சரித் தொட்டியில் இருக்கும் தேங்காய் நார்க்கழிவை அப்படியே விட்டுவிடுவதும் தவறு. அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பருமணல், பொடிசெங்கல், கொஞ்சம் மட்கிய உரம் போதும். தொட்டியும் செடியைவிட ஒரு விரல் அகலமாக இருந்தால் போதும். மாற்றும்போது வேரைக் கூர்ந்து பாருங்கள். பஞ்சுத் துகள் போல வெள்ளையாகத் தெரிந்தால் அது வேர் மாவுப்பூச்சி. காரணமில்லாமல் செடி மாதக்கணக்கில் வளராமல் நின்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். மண்ணை முழுவதும் உதிர்த்து வேரைக் கழுவி, சில நாள் நிழலில் உலர்த்திப் புதிய மண்ணில் நடுங்கள்.

விதைக்கு ஆசைப்படுகிறவர்கள் ஒரே தாய்ச்செடியின் பக்கக் கன்றுகளை இரண்டு தொட்டிகளில் வைத்துக்கொண்டு காய்க்கவில்லையே என்று வருந்துவதைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலான இனங்கள் தன் மகரந்தத்தை ஏற்பதில்லை. கன்றுகள் எத்தனை இருந்தாலும் மரபில் ஒரே செடிதான். விதையிலிருந்து வந்த வேறொரு செடி, அதே இனத்தில், அதே நாள்களில் பூத்திருக்க வேண்டும். பகலில் இரண்டும் விரிந்திருக்கும்போது மெல்லிய தூரிகையால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தொட்டு வையுங்கள். காய் முற்றியதும் நெடுக்காக வெடிக்கும். எறும்பு இழுத்துப்போவதற்குள் விதையை எடுத்துவிடுங்கள்.