கோல்ஃப் விதிகள்: பழைய பழக்கத்தால் வரும் தவறுகள்

கோயமுத்தூர், திருப்பூர் பக்கம் கோல்ஃப் பழக வருகிறவர்கள் விதிப் புத்தகத்தைப் புரட்டுவது குறைவு. கூட ஆடும் மூத்தவர் சொல்வதுதான் சட்டம். மூத்தவர் தப்பாகச் சொல்வதில்லை. அவர் பழகிய காலத்தில் விதி அப்படித்தான் இருந்தது.

1744-இல் ஸ்காட்லாந்தின் லீத் நகரில் எழுதப்பட்டவை 13 விதிகள்தான். முந்தைய குழியிலிருந்து ஒரு மட்டை நீளத்துக்குள் அடுத்த டீயை (முதல் அடிக்குப் பந்து வைக்கும் இடம்) வைக்க வேண்டும் என்பது அதில் முதல் விதி. பிறகு விதிகளை வகுக்கும் அமைப்புகளான பிரிட்டனின் ஆர் அண்ட் ஏ ஒரு வழியிலும், அமெரிக்காவின் யுஎஸ்ஜிஏ இன்னொரு வழியிலும் போயின. 1952-இல்தான் இரண்டும் சேர்ந்து ஒரே விதித் தொகுப்பைக் கொண்டுவந்தன. அப்போதும் பந்தின் அளவு மட்டும் ஒத்துவரவில்லை. 1.62 அங்குலப் பந்து விதியிலிருந்து முழுதாக நீங்கி 1.68 அங்குலமே எங்கும் நிலைத்தது 1990-இல். இன்று செட்டிபாளையத்தில் ஆடினாலும் செயின்ட் ஆண்ட்ரூஸில் ஆடினாலும் விதி ஒன்றே.

2019-இல் வந்த பெரிய மாற்றம்தான் இப்போது நிறையப் பேரைத் தடுக்கி விடுகிறது. பந்தைத் தேட 5 நிமிடம் என்றே இன்னும் நினைக்கிறார்கள், 3 நிமிடம்தான். டிராப் செய்யும்போது, அதாவது பந்தை எடுத்து வேறிடத்தில் கையிலிருந்து கீழே விடும்போது, கை தானாகத் தோள் உயரத்துக்குப் போகிறது. முழங்கால் உயரத்திலிருந்து விட வேண்டும். தோளிலிருந்து விட்டுவிட்டால், அடிப்பதற்கு முன் எடுத்துச் சரியாக விடுங்கள், பெனால்டி (தண்டனையாகக் கூட்டும் அடி) கிடையாது. அப்படியே அடித்தால், பந்து உரிய இடத்துக்குள் கிடந்திருந்தாலும் 1 ஸ்ட்ரோக் (அடி) பெனால்டி.

ஆடிக் காற்று நமக்கே உரிய சிக்கல். பாலக்காட்டுக் கணவாய் வழியே அது வீசும்போது கிரீனில் (குழியைச் சுற்றியுள்ள மழமழப்பான புல்தரை) நிற்கும் பந்து நகரும். இங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: பந்து கிடந்த இடத்தில் அடையாளம் வைத்து, அதை ஏற்கெனவே எடுத்துத் திரும்ப வைத்தாயிற்றா? ஆயிற்று என்றால் பழைய இடத்திலேயே வைக்க வேண்டும். இல்லையென்றால் காற்று கொண்டுபோய் விட்ட இடத்திலிருந்துதான் ஆட்டம். இரண்டிலும் பெனால்டி இல்லை. ஆனால் மாற்றிச் செய்தால் தவறான இடத்திலிருந்து ஆடியதாகி 2 ஸ்ட்ரோக் பெனால்டி.

எலி வளைக்குப் பக்கத்தில் பந்து கிடந்து, வளை அடிக்க இடைஞ்சலாக இருந்தால், பெனால்டி இல்லாமல் விலகி ஒரு மட்டை நீளத்துக்குள் டிராப் செய்யலாம். பெனால்டி ஏரியாவுக்குள் (குளம், ஓடை போல சிவப்பு அல்லது மஞ்சள் அடையாளமிட்ட பகுதி) இந்தச் சலுகை கிடையாது. எறும்புப் புற்றையும் அதே கணக்கில் சேர்ப்பது தவறு. பூச்சி தோண்டிய ஓட்டை விதியில் விலங்கு வளை ஆகாது. புற்று மண்ணைத் தள்ளிவிடலாம். அப்படித் தள்ளும்போது பந்து நகர்ந்தால் கிரீனுக்கு வெளியே 1 ஸ்ட்ரோக் பெனால்டி; பந்தைப் பழைய இடத்தில் திரும்ப வைக்கவும் வேண்டும். பாம்போ கடிக்கிற செவ்வெறும்புக் கூட்டமோ இருந்தால் கதை வேறு. அது ஆபத்து என்பதால் இலவசமாக விலகலாம்.

பந்து எல்லைக்கு வெளியே போயிருக்குமோ என்று தோன்றினால், “இன்னொண்ணு அடிச்சுக்கறேனுங்க” என்று சொல்லி அடிப்பது எல்லோரும் செய்கிற தவறு. “புரொவிஷனல்” (தற்காலிகப் பந்து) என்று சொல்லுங்கள், அல்லது அந்தப் பொருள் ஐயமில்லாமல் விளங்கும்படி சொல்லுங்கள். சொல்லாவிட்டால் இரண்டாவது பந்துதான் ஆட்டப் பந்து. முதல் பந்து கண்ணெதிரே கிடைத்தாலும் பயனில்லை.

பந்து தொலைந்தாலோ எல்லைக்கு வெளியே போனாலோ, முன்பு அடித்த இடத்துக்குத் திரும்ப நடக்காமல் 2 ஸ்ட்ரோக் பெனால்டியோடு முன்னாலேயே டிராப் செய்யலாம் என்பது பொது விதி அல்ல. அந்த மைதானக் கமிட்டி உள்ளூர் விதியாக அறிவித்திருந்தால் மட்டுமே செல்லும். ஸ்கோர் கார்டின் பின்பக்கத்தையும் அறிவிப்புப் பலகையையும் டீக்குப் போகும் முன் பாருங்கள்.

எல்லாவற்றிலும் கனமான தவறு, “நாலு பேரும் ஒத்துக்கிட்டோம்” என்பது. மொத்த அடிகளை எண்ணும் ஸ்ட்ரோக் பிளேயில் ஓரடித் தூரப் பந்தையும் குழியில் போட்டே ஆக வேண்டும். விட்டுக்கொடுக்கும் வழக்கம், குழிக்குக் குழி வெற்றி தோல்வி பார்க்கும் மேட்ச் பிளேக்கு மட்டும் உரியது. விதி தெரிந்தே கூடிப் பேசி அதை ஒதுக்கி வைத்தால், அப்படி ஒத்துக்கொண்ட எல்லோருமே போட்டியிலிருந்து நீக்கப்படுவார்கள்.