கடைவீதிச் சந்துல வண்டி வராம தடுத்து ஆளுங்கள உக்கார வைக்கறது எப்படிங்க

மாரியம்மன் நோம்பிக்கு கம்பம் நட்டு ஆடறப்ப தெருவ அடைச்சா யாராச்சும் சண்டைக்கு வர்றாங்களா? பேசாம சுத்திட்டுப் போறாங்க. அதையே நோம்பி இல்லாத நாள்லயும் பண்ணணும், அவ்ளோதானுங்க.

எடுத்த எடுப்புல டைல்ஸ், பெஞ்சுன்னு காசக் கொட்டாதீங்க. ஒரே ஒரு சந்து, ஞாயித்துக்கெழமை பொழுதோட நாலு மணி நேரம், ரெண்டு முனையிலயும் பேரிகேட், போதும். ஆனா ஆம்புலன்ஸ் வந்தா உடனே தள்ளி விடற மாதிரி ஆள் நிக்கோணும். மாநகராட்சிக்கும் டிராபிக் போலீசுக்கும் எழுதிக் குடுத்து அனுமதி வாங்கிருங்க, கவுன்சிலர் காதுல முன்னாடியே போட்டு வெச்சா வேலை சுளுவு.

தலைவலி கடைக்காரங்கதான். வண்டி நிக்காட்டி யாவாரம் படுத்துரும்பாங்க. அந்த பயத்த சிரிச்சுத் தள்ளாதீங்க, ஜவுளி பேல் எறக்கறவங்களுக்கு லாரி வாசலுக்கு வந்தே ஆகோணும், அதுக்கு காலைல பத்து மணிக்குள்ளன்னு நேரம் பேசி வெச்சுக்கங்க. அப்பறம் டீக்கடைல ரெண்டு மணி நேரம் உக்காந்து, கடைக்குள்ள போறவங்கள்ல நடந்து வந்தவங்க எத்தன, வண்டில வந்தவங்க எத்தனன்னு நோட்டுல கோடு போட்டு எண்ணுங்க. ஒங்க தெரு கணக்க ஒங்க கடைக்காரங்க கைல குடுத்தா பேச்சு மாறும். வண்டி நிறுத்த பக்கத்துல எடம் காட்டோணும், கோவை டிபி ரோட்டுல நடைபாதைய அகலமாக்குனப்ப மல்டிலெவல் பார்க்கிங்கும் கட்டுனாங்க, சென்னை பாண்டி பஜார்லயும் அப்படித்தான்.

பூக்காரம்மா, கம்பங்கூழு வண்டிக்காரர தொரத்தீராதீங்க, அவங்க இருக்கறதாலதான் இருட்டுனப்பறமும் பொம்பளைங்க தைரியமா நடக்கறாங்க. 2014 தெருவோர வியாபாரிகள் சட்டப்படி அவங்களுக்கும் உரிமை இருக்கு, அந்தச் சட்டப்படி ஊருக்கு ஊரு இருக்கற நகர விற்பனைக் குழுல பேசி எடம் குறிச்சுக் குடுங்க.

நாலஞ்சு வாரம் நல்லா நடந்தா மட்டும் கல்லு, சிமெண்ட்டு. நடைபாதைல தடையில்லாம நடக்க கொறஞ்சது 1.8 மீட்டர் அகலம் வேணும், அதோட ஒயரம் 15 சென்டிமீட்டருக்கு மேல போனா எங்க அமுச்சி (அம்மாவோட அம்மா) மாதிரி முட்டி வலிக்காரங்க ரோட்டுலயேதான் நடப்பாங்க. வேப்பமரத்தச் சுத்தி ஒரு மீட்டர் மண்ணு விடுங்க, அடி வரைக்கும் கான்கிரீட் போட்டா மரம் மூச்சு முட்டிப் பட்டுப்போயிரும்.

கச்சேரி, மேடையெல்லாம் வேண்டாங்க. வள்ளி கும்மி கத்துக்கறவங்கள அங்கயே பழகச் சொல்லுங்க, நாற்காலிய அவங்கவங்க வீட்டுலருந்தே கொண்டாரட்டும்.