காலையில் மட்டும் எரிந்த டயர் விளக்கு

நியூசிலாந்தில் கிறைஸ்ட்சர்ச் வரை விமானம், அங்கிருந்து டெக்காப்போ ஏரிக்கு வாடகைக் கார். நானும் மனைவியும்தான். இறங்கிய அன்று எல்லாம் சரி. மறுநாள் காலையிலிருந்து டயர் காற்று எச்சரிக்கை விளக்கு எரிய ஆரம்பித்தது.

நான்கு டயரையும் தடவிப் பார்த்தோம்; ஆணி இல்லை. பெட்ரோல் பங்க் போய்ச் சேர்வதற்குள் விளக்கு அணைந்துவிடும், அங்கே அளந்தால் 29 பிஎஸ்ஐ (டயர் காற்றழுத்த அலகு). வாடகை நிறுவனத்தைக் கூப்பிட்டால், "சென்சார் கோளாறாக இருக்கும், ஓட்டுங்கள்" என்றார்கள். பயண நாட்கள் இப்படியே வீணாயின.

விளக்கு காலையில் மட்டும் எரிகிறது என்பதைக் கவனித்தவள் மனைவி. கண்ணாடியில் உறைபனி சுரண்டும் குளிர் அங்கே. வெப்பநிலை 5, 6 டிகிரி செல்சியஸ் இறங்கினால் டயரில் சுமார் 1 பிஎஸ்ஐ குறையும். ஓடிச் சூடானால் ஏறிவிடும். ஆக, பங்கில் நாங்கள் அளந்தது சூடான டயரை.

காற்றழுத்தம் அளக்கும் சின்ன கேஜ் ஒன்று வாங்கி, விடிந்ததும் வண்டியை எடுக்காமலே அளந்தோம்: 25. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில், குளிர்ந்த டயரில் இருக்கவேண்டிய அளவு 33. (டயர் பக்கவாட்டில் இருக்கும் எண் உச்சவரம்பு, அதை நம்பக்கூடாது.) பக்கத்துப் பங்குக்கு மெதுவாக ஓட்டி, ஒவ்வொன்றிலும் 8 கூட்டி அடித்தோம். அப்புறம் விளக்கு எரியவே இல்லை. அப்பாடா!