கவுன்சலிங் தொழிலுக்கு மாநில அங்கீகாரம் கேட்டு மனு கொடுப்பது எப்படி? (காரைக்குடியிலிருந்து ஒரு செய்முறை விளக்கம்)

இரண்டு வருடங்களுக்கு முன்பு சிங்கப்பூரிலிருந்து ஒருவர் எனக்கு போன் செய்தார். ஊரில் பெரிய வீட்டில் தனியாக இருக்கும் தன் அம்மாவை என்னிடம் ஆலோசனைக்கு அனுப்பலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். கட்டணம், நேரம் எல்லாம் பேசி முடித்த பிறகு, "உங்க ரெஜிஸ்டர் நம்பர் என்னங்க?" என்றார். அங்கே அப்படிக் கேட்பது வழக்கமாம். நான் முதுநிலைப் பட்டம் படித்திருக்கிறேன், மேற்பார்வையில் பயிற்சி முடித்திருக்கிறேன், பதினோரு வருட அனுபவம் இருக்கிறது. ஆனால் சொல்ல ஓர் எண் இல்லை. மூன்று நாள் வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கி போர்டு மாட்டியவருக்கும் எண் இல்லை. அந்த அம்மாவின் மகன் எங்கள் இருவரையும் எதை வைத்துப் பிரித்துப் பார்ப்பார்?

அன்று ஆரம்பித்த வேலை இது. முதல் மனு ஏற்கப்படவில்லை. இரண்டாவது ஏற்கப்பட்டு, துறையிலிருந்து எழுத்தில் பதில் வந்தது. நடுவில் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். மனு எழுதும் முறை, பெறுநர் விலாசம் போன்றவை உங்களுக்கே தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

முதலில் சட்டம்: யாரிடம் என்ன இருக்கிறது?

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ஐ எடுத்துப் பாருங்கள். மனநல மருத்துவர் இருக்கிறார். மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்யும் மருத்துவ உளவியலாளர், மனநலச் செவிலியர், மனநலச் சமூகப் பணியாளர் இருக்கிறார்கள். சித்த மருத்துவத்தில் 'சிறப்பு மருத்துவம்' என்ற பிரிவில் முதுநிலை படித்தவர்கூட இருக்கிறார். கவுன்சலிங் செய்யும் நாம் இல்லை.

நமக்கு வாசல் 2021-ல் வந்த வேறொரு மத்தியச் சட்டத்தில் இருக்கிறது. துணைநிலை மற்றும் உடல்நலப் பராமரிப்புத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் என்று பெயர். அதன் அட்டவணையில் 10 வகைத் தொழில்கள் இருக்கின்றன. ஏழாவது வகையில் உளவியலாளர், நடத்தை நல ஆலோசகர், எச்.ஐ.வி. ஆலோசகர், மனநல ஆதரவுப் பணியாளர் எல்லாரும் வருகிறார்கள். ஒவ்வொரு மாநிலமும் ஒரு மாநிலக் குழுமம் அமைத்து, பதிவேடு பராமரிக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. மாநில அரசிடம் நாம் கேட்க வேண்டியது இந்தப் பதிவேட்டைத்தான்.

"தமிழ்நாட்டுக்கென்று தனிச் சட்டம் கேட்கலாமே?" என்று பலர் கேட்கிறார்கள். கேட்கலாம். தொழில்கள் பற்றிய பொருள் அரசியலமைப்பின் ஒத்திசைவுப் பட்டியலில் (மத்திய, மாநில அரசுகள் இரண்டும் சட்டம் இயற்றக்கூடிய பட்டியல்) 26-வது இடத்தில் இருக்கிறது, மாநிலத்துக்கும் அதிகாரம் உண்டு. ஆனால் மத்தியச் சட்டத்தோடு முரண்பட்டால் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். நீட் விலக்கு மசோதா 2021 செப்டம்பரில் ஒரு முறை, 2022 பிப்ரவரியில் மறுபடி ஒரு முறை பேரவையில் நிறைவேறியது. அதன் பிறகும் அந்த ஒப்புதல் கிடைக்காமல் போனதை நாம் எல்லாரும் பார்த்தோம். இருக்கிற சட்டத்தை முழுதாக நடைமுறைக்குக் கொண்டுவரக் கேட்பதே விரைவான வழி என்பது என் கருத்து.

இரண்டாவது: உங்கள் தொழிலின் பெயர்

நான் வழுக்கி விழுந்த இடம் இதுதான். அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப்போகிறேன்.

என் முதல் மனுவின் தலைப்பு: "கவுன்சிலர்களுக்கு அரசு அங்கீகாரம் வேண்டி". ஒரு எம்.எல்.ஏ.வின் தொகுதி அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்தேன். மூன்று வாரம் கழித்துப் போய்க் கேட்டால், "அது உள்ளாட்சிக்கு அனுப்பியாச்சே, நீங்க எந்த வார்டு?" என்றார் அங்கிருந்த உதவியாளர். அவரைக் குறை சொல்ல முடியாது. நம் ஊரில் கவுன்சிலர் என்றால் வார்டு உறுப்பினர்தான். 'சி'யை 'ச'வாக மாற்றி 'கவுன்சலர்' என்று எழுதினாலும் படிப்பவர் கண்ணில் அது படாது.

சரி, தமிழில் எழுதலாம் என்றால் எந்தத் தமிழ்? குழந்தைகள் பாதுகாப்பு அலகில் இதே பணியிடத்துக்கு 'ஆற்றுப்படுத்துநர்' என்று விளம்பரம் வருகிறது. பள்ளிக்கல்வியில் 'உளவியல் ஆலோசகர்'. பத்திரிகைகளில் 'மனநல ஆலோசகர்'. மூன்றும் மூன்று துறைகளின் பெயர்கள். நீங்கள் எந்தப் பெயரை எழுதுகிறீர்களோ, கோப்பு அந்தத் துறைக்குப் போகும். ஆற்றுப்படுத்துநர் அழகான சொல், சங்க காலத்து ஆற்றுப்படையை நினைவுபடுத்துவது, எனக்கு மிகவும் பிடிக்கும். இருந்தும் மனுவில் அதை எழுதினால் குழந்தைகள் நலத் துறைக்குப் போய்விடும்.

என் பரிந்துரை இது. தலைப்பில் 'மனநல ஆலோசகர்' என்று எழுதுங்கள். முதல் வரியிலேயே '2021-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையில் ஏழாவது வகையில் வரும் தொழிலர்' என்று சேருங்கள். பெறுநர் இடத்தில் 'மருத்துவம் மற்றும் மக்கள் நல்வாழ்வுத் துறை' என்ற முழுப் பெயரும் இருக்கட்டும். இந்த மூன்றும் இருந்தால் கோப்பு வழி தவறாது.

மூன்றாவது: கையில் ஓர் ஆதாரம்

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். வெள்ளைத் தாள், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை, அவ்வளவுதான். 30 நாளில் பதில் தர வேண்டும். "ஏன் அங்கீகாரம் இல்லை?" என்று கேட்காதீர்கள், காரணம் கேட்டால் பதில் வராது. ஆவணத்தில் இருப்பதைக் கேளுங்கள்: மாவட்டத்தில் ஆலோசகர் பணியிடம் எத்தனை, நிரப்பியது எத்தனை, கல்வித் தகுதி என்ன. வரும் பதிலை அப்படியே மனுவோடு இணைத்துவிடுங்கள்.

ஆதாரத்துக்காக உங்களிடம் வருகிறவர்களின் கதையை மனுவில் எழுதவே எழுதாதீர்கள், பெயரை மாற்றியும் வேண்டாம். 2017 சட்டத்தின் 23-வது பிரிவு ரகசியக் காப்பை உரிமையாகவே வைத்திருக்கிறது. அதோடு இது செட்டிநாடு. குலக்கோயில் பெயரையும் வீட்டு விலாசத்தில் (குடும்பத்தின் முன்னெழுத்துகளில்) முதல் எழுத்தையும் சொன்னாலே இன்னார் வீட்டுப் பிள்ளை என்று அடுத்த ஊரிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். 'தேவகோட்டையில் தனியாக வாழும் 74 வயது ஆச்சி' என்று எழுதினாலே போதும், அவர் அடையாளம் தெரிந்துவிடும்.

நான்காவது: ஒரு பக்கம், ஒரு கோரிக்கை

பதிவேடு, பள்ளிக்கு ஓர் ஆலோசகர், காப்பீட்டில் ஆலோசனைக் கட்டணம், போலிகள் மீது நடவடிக்கை: என் முதல் மனுவில் இவை எல்லாம் இருந்தன. நான்கு பக்கம். எல்லாமே நியாயமான கோரிக்கைகள்தான். ஆனால் எல்லாவற்றுக்கும் பொறுப்பான ஒரே அதிகாரி யாரும் இல்லை. பதிவேட்டை மட்டும் கேளுங்கள். அது வந்தால் மற்றதைக் கேட்க நமக்கு ஒரு பிடி கிடைக்கும்.

தட்டச்சு யூனிகோடில் இருக்கட்டும். பழைய எழுத்துருவில் அடித்து மின்னஞ்சலில் அனுப்பினால் அந்தப் பக்கம் வெறும் கோடும் கட்டமும்தான் தெரியும். மின்னஞ்சலை மட்டும் நம்பவும் வேண்டாம். என் ஓட்டு எப்போதும் தபாலுக்குத்தான், ரசீதை மனு நகலோடு பின் அடித்து வைத்துவிடுவேன். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்திலும் ஒரு நகல் கொடுத்து, எண் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது: எம்.எல்.ஏ.வைப் பார்ப்பது

செட்டிநாடு ஒரே தொகுதி இல்லை. காரைக்குடி, திருப்பத்தூர், திருமயம் என்று பிரிந்து கிடக்கிறது. திருமயம் புதுக்கோட்டை மாவட்டம். உங்கள் வாக்காளர் அட்டையில் இருக்கும் தொகுதிக்குத்தான் முதலில் போக வேண்டும். "நான் உங்க தொகுதி வாக்காளர்" என்று ஆரம்பிப்பதற்கு ஒரு மரியாதை இருக்கிறது.

போகும் காலம் முக்கியம். பேரவையில் ஒவ்வொரு துறையின் மானியக் கோரிக்கையும் (அந்தத் துறைக்கான நிதி ஒதுக்கீடு) தனித்தனி நாளில் விவாதத்துக்கு வரும். மக்கள் நல்வாழ்வுத் துறையின் நாளுக்கு மூன்று நான்கு வாரம் முன்பே மனு அவர் கையில் இருக்க வேண்டும். கடைசியில், அவர் பேரவையில் அப்படியே கேட்கக்கூடிய ஒரு கேள்வியை எழுதிக் கொடுங்கள். நான் எழுதிக் கொடுத்தது: "2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி மனநல ஆலோசகர்களைப் பதிவு செய்யும் பணி எந்த நிலையில் உள்ளது என்பதை அமைச்சர் தெரிவிப்பாரா?" ஒரு வரிதான். அதை அவரது உதவியாளர் அங்கேயே மஞ்சள் பேனாவால் கோடிட்டு வைத்துக்கொண்டார். நான்கு பக்க மனுவில் அப்படிக் கோடிட அவருக்கு எதுவும் கிடைத்திருக்காது.

எந்தக் கட்சியாக இருந்தாலும் போங்கள், எதிர்க்கட்சி உறுப்பினரிடமும் அதே தாளைக் கொடுங்கள். புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, சென்னை மாகாணச் சட்டசபையில் இருந்தபோது தேவதாசி முறையை ஒழிக்கக் குரல் கொடுத்தார். அதற்கான சட்டம் 1947-ல்தான் வந்தது. ஒரு கூட்டத்தொடரில் நடக்கவில்லையே என்று மனம் தளர்ந்தவர்கள் எனக்கு எழுதும்போதெல்லாம் அவரைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

ஆறாவது: மனுக்கள் குழு

இந்த வழி பலருக்குத் தெரியவில்லை. சட்டமன்றப் பேரவைக்கு மனுக்கள் குழு என்று ஒன்று உண்டு. மாவட்டங்களுக்கு நேரில் வருவார்கள். வருவதற்கு முன்பு நாளிதழ்களில் ஆட்சியரின் அறிவிப்பு வரும். மனு தமிழில், தேதியும் கையொப்பமும் போட்டு, ஐந்து நகல் வேண்டும். ஒரே பிரச்சினை, ஒரே துறை. வேலை வாய்ப்பு, பட்டா, முதியோர் ஓய்வூதியம், தனிநபர் குறை, நீதிமன்றத்தில் இருக்கும் விஷயம் ஆகியவற்றை எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

என் முதல் மனு இங்கேயும் நிற்கவில்லை. நான்கு கோரிக்கையில் ஒன்று 'பள்ளிகளில் ஆலோசகர் நியமனம்'. அது வேலை வாய்ப்பு, அதுவும் வேறு துறை. அதை எடுத்துவிட்டு, 'பொதுமக்கள் தகுதியானவரை அடையாளம் காணப் பதிவேடு' என்று திருத்தியதும் ஏற்றுக்கொண்டார்கள். நமக்கு வேலை கேட்கிறோம் என்று எழுதினால் அது தனிக்குறை. மக்களுக்குப் பாதுகாப்பு கேட்கிறோம் என்று எழுதினால் பொதுப் பிரச்சினை. உண்மையும் அதுதான். அந்தச் சிங்கப்பூர் போனை நினைத்துப் பாருங்கள்.

பின்சேர்க்கை 1: சிங்கம்புணரிப் பக்கமிருந்து ஒரு தங்கை எழுதியிருந்தார். திருப்பத்தூர் எம்.எல்.ஏ. என்று தேடி, கிடைத்த விலாசத்துக்கு அனுப்பிவிட்டாராம். அது வடக்கே இருக்கும் திருப்பத்தூர். தமிழ்நாட்டில் அந்தப் பெயரில் இரண்டு தொகுதிகள் உண்டு. நம்முடையது 185, அது 50. மனுவில் தொகுதி எண்ணையும் சிவகங்கை மாவட்டம் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.

பின்சேர்க்கை 2: "சங்கம் இல்லாமல் தனியாள் கொடுத்தால் மதிப்பார்களா?" என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். நான் தனியாகத்தான் கொடுத்தேன். இரண்டாவது முறை மட்டும், இந்த வட்டாரத்தில் ஆலோசனை செய்யும் ஆறு பேரின் கையொப்பம் சேர்த்தேன், ஒவ்வொருவரின் கல்வித் தகுதியையும் பக்கத்திலேயே எழுதினோம்.

பின்சேர்க்கை 3: துறையின் பதில் வந்தால் அதில் இருக்கும் கடித எண்ணைத் தனியே எழுதி வையுங்கள். அடுத்த மனுவில் 'பார்வை' என்ற இடத்தில் அந்த எண்ணைப் போட வேண்டும். அது இல்லாவிட்டால் உங்கள் கோரிக்கை மறுபடி புதுக் கோப்பாகத்தான் தொடங்கும். என்னுடையது இப்போது மூன்றாவது கடிதத்தில் நிற்கிறது, அதே எண்ணின் கீழ்.