பவளம் வாடினால் முதலில் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்

என் கடல்நீர்த் தொட்டியில் வளர்த்த முதல் அக்ரோபோராவை, அதாவது ஒரு கிளைப் பவளத்தை, நானே கொன்றேன். நீரின் காரத்தன்மை 6.5 டிகேஎச் (காரத்தன்மையை அளக்கும் அலகு) என்று சோதனையில் தெரிந்தது. பதறிப்போய் ஒரே மாலையில் 9-க்கு ஏற்றிவிட்டேன். சில நாட்களில் கிளை நுனிகள் வெந்ததுபோல் வெளுத்து, சதை உரிந்துவிட்டது. குறைவான காரத்தன்மையை அந்தப் பவளம் தாங்கிக்கொண்டிருந்தது. என் அவசரத்தைத் தாங்கவில்லை.

1. சதை இருக்கிறதா, பாருங்கள்

பூதக்கண்ணாடியைத் தொட்டியின் கண்ணாடியோடு ஒட்டிப் பிடியுங்கள். வெண்மையின் மேல் ஈரப் பளபளப்போடு மெல்லிய சவ்வு தெரிந்தால், பாலிப்களும் (பவளத்தின் சின்னஞ்சிறு வாயுடைய உயிர்கள்) எட்டிப் பார்த்தால், அது வெளிறல். சதைக்குள் வாழ்ந்து உணவூட்டிய நுண்பாசிகள் வெளியேறியிருக்கின்றன. பவளம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. சதை கிழிந்த துணியின் ஓரம்போல் தொங்கி, அதற்கு அப்பால் சொரசொரப்பான சுண்ணாம்பு எலும்பு மட்டும் இருந்தால் அது சதையிழப்பு. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

2. அளந்து எழுதுங்கள்

வெப்பநிலை 25-26 டிகிரி செல்சியஸ், உப்படர்த்தி 1.025-1.026, காரத்தன்மை 8-9 டிகேஎச், கால்சியம் 400-450 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), மெக்னீசியம் 1250-1350 பிபிஎம். இந்த எண்களைச் சுற்றி இருந்தால் போதும். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சுத்தமாகப் பூஜ்யமானால் மகிழ வேண்டாம். பட்டினியாலும் பவளம் வெளிறும். உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை அதற்கான 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) திரவத்தால் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பல "நோய்கள்" அங்கேயே தீர்ந்துவிடும்.

3. மெதுவாகத் திருத்துங்கள்

ஒரு நாளில் காரத்தன்மையை 0.5 முதல் 1 டிகேஎச் வரைக்கு மேல் நகர்த்தாதீர்கள். நீர் மாற்றினால் 10-15 சதவீதம் போதும். புது நீரின் வெப்பமும் உப்பும் தொட்டியோடு ஒத்திருக்க வேண்டும். மீனுக்குப் போட்ட செம்பு மருந்து, துருப்பிடித்த காந்தம் போன்ற எதன் மீதாவது சந்தேகம் இருந்தால், அதை அகற்றிவிட்டு ஆக்டிவேட்டட் கார்பன் வையுங்கள்.

4. வெளிறிய பவளத்துக்கு நிழல்

விளக்கின் வலிமையைக் குறையுங்கள், அல்லது பவளத்தைக் கீழே இறக்குங்கள். பழைய வெளிச்சத்துக்கு வாரக்கணக்கில் மெல்லத் திரும்பலாம். வாய் பெரிய இனமென்றால் பம்பைப் பத்து நிமிடம் நிறுத்தி, பொடியாக நறுக்கிய இறால் துணுக்கு ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். துப்பிவிட்டால் வற்புறுத்தாதீர்கள்.

5. சதை உரிந்தால் வெட்டுங்கள்

இங்கே மட்டும் தயங்கக் கூடாது. கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் அணியுங்கள். ஜோவந்திட் என்ற பவள உறவினங்கள் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. வெட்டும் முன் இரவில் டார்ச் அடித்துப் பாருங்கள்: சதையைத் தின்னும் தட்டைப்புழு இருக்கலாம், பக்கத்து கேலக்ஸியா பவளம் நீள் கொடுக்கால் தீண்டிக்கொண்டிருக்கலாம். காரணம் அதுவென்றால் புழுவை அகற்றுங்கள், அண்டை வீட்டுக்காரரை இடம் மாற்றுங்கள்.

டார்ச் என்ற பெயருள்ள, தனித்தனித் தண்டுகளில் தலைகள் கொண்ட பவளத்தின் மேல் பழுப்புக் கூழ் படர்ந்திருந்தால் பம்பை நிறுத்தி, அதை மெல்லிய குழாயால் உறிஞ்சியெடுத்த பிறகே பவளத்தைத் தூக்குங்கள். இல்லையேல் கூழ் தொட்டி முழுதும் பரவும். அந்தப் பவளத்தில் நோயுற்ற தலையை, அடியில் சதையில்லாத வெற்றுத் தண்டில் அறுத்து விலக்குங்கள். அக்ரோபோரா போன்ற கிளைப் பவளத்தில், உரிந்த எல்லையிலிருந்து ஒரு சென்டிமீட்டர் நல்ல சதைக்குள் தள்ளி வெட்டுங்கள்.

மீந்த துண்டைத் தொட்டி நீரில் கலந்த பவள அயோடின் கரைசலில், குப்பியில் குறிப்பிட்ட நேரம் மட்டும் முக்குங்கள். நல்ல நீரில் அலசி, வெட்டுவாயில் ஜெல் வடிவ சூப்பர் குளூ தடவிக் கல்லில் ஒட்டுங்கள். துண்டை முக்கியெடுத்த கரைசலைத் தொட்டியில் ஊற்றாதீர்கள்.

பிறகு தொடாதீர்கள். வாரம் ஒருமுறை, ஒரே கோணத்தில் படம் எடுங்கள். பசையின் ஓரத்தில் நகக்கண் அளவுக்குப் புதுச் சதை ஏறினால், அந்தத் துண்டு பிழைத்துக்கொண்டது.