வாலென்சியா பாயெல்லா: முதலில் சட்டி, அப்புறம் அரிசி

பாயெல்லா, ஸ்பெயினின் வாலென்சியா ஊர்ச் சோறு. வாலென்சியா மொழியில் பாயெல்லா என்றால் சட்டி; அதில் சமைக்கும் சோற்றுக்கும் அதே பெயர். ‘பதெல்லா’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அதனால் ஆழமான பாத்திரத்தில் இதைச் செய்யாதீர்கள். அகலமான, விளிம்பு தாழ்ந்த, மெல்லிய இரும்புச் சட்டிதான் வேண்டும். நாலு பேருக்கு 40 செ.மீ. அகலம். வயல்வேலைக்குப் போனவர்கள் ஆரஞ்சுச் சுள்ளிகளை எரித்து மதியத்துக்குச் சமைத்தது இதில்தான்.

நகரத்துக்குத் தெற்கே அல்புஃபேரா ஏரி, அதைச் சுற்றி நெல்வயல். அரிசியை இங்கே கொண்டுவந்தவர்கள் அரபியர். ஸ்பானிய மொழியில் அரிசி, குங்குமப்பூ, வாய்க்கால் மூன்றுக்கும் பெயர் அரபியிலிருந்து வந்ததுதான். தோட்டத்து வாய்க்கால் தகராறுகளை இன்றும் வியாழன்தோறும் மதியம் 12 மணிக்குப் பேராலய வாசலில் விசாரிக்கிறார்கள். எழுத்து இல்லை, எல்லாம் வாய்ப்பேச்சு. தக்காளி, டபுள் பீன்ஸ், மிளகாய்த்தூள் எல்லாம் 1492-க்குப் பிறகு அமெரிக்காவிலிருந்து வந்து சேர்ந்தவை.

சரி, அடுப்பைப் பற்றவையுங்கள். ஆலிவ் எண்ணெயில் கோழி 600 கிராம், முயல் 400 கிராம், உப்புப் போட்டு மிதமான தீயில் 20 நிமிடமாவது நன்றாகச் சிவக்க வறுங்கள். தனியாகச் சாறு எதுவும் ஊற்றப் போவதில்லை. ருசி முழுக்க இங்கேதான் பிறக்கிறது. கறியை ஓரத்துக்குத் தள்ளி, நடுவில் தட்டைப் பச்சை பீன்ஸ். அப்புறம் துருவிய தக்காளி ஒன்று, எண்ணெய் பிரியும்வரை. காரமில்லாத சிவப்பு மிளகாய்த்தூள் ஒரு தேக்கரண்டி போட்ட கையோடு 2 லிட்டர் தண்ணீர் ஊற்றிவிடுங்கள்; தூள் கருகினால் கசந்துவிடும். இரவே ஊறவைத்த டபுள் பீன்ஸ், ஒரு சிட்டிகை குங்குமப்பூ சேர்த்து அரைமணி நேரம் கொதிக்கட்டும். வெங்காயம் வேண்டாம், அரிசி குழையும்.

இப்போது சாற்றை ருசி பாருங்கள். உப்பு ஒரு கல் தூக்கலாக இருக்க வேண்டும், அரிசி இழுத்துக்கொள்ளும். குட்டையான, உருண்டை அரிசி 400 கிராம். ‘போம்பா’ கிடைத்தால் நல்லது, பாசுமதி சரிவராது. சீராகப் பரப்பியதும் கரண்டியைக் கீழே வைத்துவிடுங்கள். முதல் தடவை நான் கிளறப் போனபோது, எனக்குக் கற்றுக்கொடுத்த கீழ்வீட்டு அம்மா கையை எட்டிப் பிடித்தார். கிளறினால் கஞ்சித்தன்மை வந்துவிடும், அடியில் ‘சொக்காராத்’ பிடிக்காது என்றார். சொக்காராத் வேறொன்றுமில்லை, நம் காந்தல்தான்!

பெருந்தீயில் 10 நிமிடம், சிறுதீயில் 8 நிமிடம். கடைசியில் ஒரு கொத்து ரோஸ்மேரியை மேலே வைத்து எடுங்கள். தண்ணீர் வற்றியதும் தீயை ஒரு நிமிடம் கூட்டுங்கள். சலசலப்பு அடங்கி, படபடவென்று பொரியும் சத்தம் கேட்கும். வறுத்த அரிசி வாசம் வரும். கருகல் நெடி எழுவதற்குள் இறக்கிவிடுங்கள்.

ஐந்து நிமிடம் ஆறட்டும். சட்டியை நடுவில் வைத்து ஆளுக்கொரு மரக்கரண்டி. அவரவர் பக்கத்திலிருந்து நடுவை நோக்கிச் சாப்பிட வேண்டும். காந்தலைச் சுரண்ட இரும்புக் கரண்டி ஒன்று பக்கத்தில் இருக்கட்டும்.