ராத்திரிக்கு ராத்திரி பெருகிய விலை வரிசைகள்

ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனி. சதுர அடி விலை மாறினால் பழைய விலையும் வரலாறாக நிற்க வேண்டும். டேட்டாவை எடுத்து டேபிளில் ஏற்றும் டூலான பென்டாஹோவில், பழைய மதிப்பையும் வைத்துக்கொள்ளும் 'டைமென்ஷன் லுக்கப்/அப்டேட்' ஸ்டெப் போட்டு, விலைக்கு 'இன்சர்ட்' (மதிப்பு மாறினால் புது வெர்ஷனாக ஒரு வரிசை சேர்) வைத்தேன். யாரும் விலையைத் தொடாமலே தினமும் ராத்திரி புது வெர்ஷன் ஏறியது. ஸ்டெப்பின் கீ, தேதி, கேஷ் செட்டிங் என்று மாற்றிப் பார்த்ததில் மூன்று நாள் போச்சு.

அப்புறம்தான் கண்ணில் பட்டது: 140 ரூபாய்த் தோல் பெருகவில்லை, 142.375 மட்டும் பெருகுகிறது. மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் டேபிளில் விலை ஃபீல்டு டெசிமல்(10,2), அதாவது புள்ளிக்குப் பின் இரண்டே இலக்கம். அது 142.38 என்று வைத்துக்கொள்ளும், மறுநாள் 142.375 வந்தால் வேறு விலைதானே! எரரும் வராது, லாகும் சுத்தமாக இருக்கும்.

ஃபீல்டை டெசிமல்(12,4) ஆக்கினேன். சோதனை டேட்டாதான் என்பதால் டேபிளைக் காலி செய்து ஏற்றி, மறுபடி இரண்டு முறை ஓட்டினேன். ஒரு வரிசைகூட ஏறவில்லை. அப்பாடா.